செட்டிநாட்டிலிருந்து இணையத்தில் ஏற்றுவோர் கேட்கும் பதிப்புரிமைக் கேள்விகள்

காரைக்குடி, தேவகோட்டை, கானாடுகாத்தான், பள்ளத்தூர் வட்டாரத்தில் இன்று இணையத்தில் எதையாவது ஏற்றாத வீடு குறைவு. பழைய வீட்டைத் தங்கும் விடுதியாக்கியவர்கள், ஆத்தங்குடிக் கல் என்னும் தரைப் பூக்கல் விற்பவர்கள், சமையல் காணொளி எடுக்கும் ஆச்சிமார், கல்யாணப் படம் எடுக்கும் ஸ்டுடியோக்காரர்கள், ஊர் வரலாறு தொகுக்கும் ஓய்வுபெற்ற ஆசிரியர்கள் என்று பலரும் இதில் இறங்கியிருக்கிறார்கள். இவர்களுக்குள் எழும் சச்சரவுகளில் பெரும்பாலானவை, ஒரு பொருள் கையில் இருப்பதையும் அதன் பதிப்புரிமை கையில் இருப்பதையும் ஒன்றென எண்ணுவதால் வருபவை. கீழே உள்ள விடைகள் இந்தியப் பதிப்புரிமைச் சட்டம், 1957-ஐ அடிப்படையாகக் கொண்டவை. பெரிய தளங்கள் அமெரிக்காவில் பதிவு பெற்றவை என்பதால், அந்நாட்டின் 1998-ஆம் ஆண்டு டிஜிட்டல் மில்லினியம் பதிப்புரிமைச் சட்டமும் இடையிடையே வரும்.

எங்கள் வீட்டுப் பெட்டகத்தில் இருக்கும் பழைய புகைப்படம் எங்களுடையதுதானே? அதை வேறொருவர் இணையத்தில் போட்டால் தடுக்கலாமா?

அட்டையில் ஒட்டிய அந்தப் படம் உங்களுடையது. அதைப் பதிப்பிக்கும் உரிமை உங்களுடையதா, அப்படி ஓர் உரிமை இன்னும் உயிரோடு இருக்கிறதா என்பவை தனிக் கேள்விகள். இரங்கூனிலோ பினாங்கிலோ 1920களிலும் 1930களிலும் ஸ்டுடியோவில் நின்று எடுத்துக்கொண்ட படங்கள் இந்தப் பகுதியில் ஏராளம். 1957-ஆம் ஆண்டுச் சட்டத்துக்கு முன் இங்கே நடைமுறையில் இருந்த பழைய சட்டம், மூல நெகட்டிவ் உருவான காலத்திலிருந்து 50 ஆண்டுகள் மட்டுமே புகைப்படத்துக்குப் பாதுகாப்பு அளித்தது. ஆகவே அத்தனை பழைய படத்துக்குப் பதிப்புரிமை இன்று தடையாக நிற்பதற்கான வாய்ப்பு மிகக் குறைவு. காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருப் பழம்பொருள் கடையில் உங்கள் கொள்ளுப்பாட்டனார் படத்தை ஒருவர் விலைக்கு வாங்கி, வருடி (ஸ்கேன் செய்து), தம் பக்கத்தில் போட்டால் மனம் வருந்தும்தான். ஆனால் பதிப்புரிமையைக் காட்டி அதை இறக்கச் சொல்வது கடினம். பெயரைத் தவறாகப் போட்டிருந்தாலோ அவதூறாக எழுதியிருந்தாலோ, அதற்குரிய வழி வேறு.

மறுபுறத்தையும் சொல்ல வேண்டும். அந்தப் படத்தை நீங்களே வருடிப் போட்டு, மேலே பெரிய எழுத்தில் உங்கள் தளத்தின் பெயரைப் பொறித்துவிட்டால் அது புதிய உரிமை ஆகிவிடாது. நியூயார்க் நீதிமன்றம் ஒன்று 1999-இல், உரிமைக் காலம் முடிந்த ஓவியத்தை அப்படியே படமெடுப்பதில் புதிய பதிப்புரிமை தோன்றாது என்று தீர்ப்பளித்தது. ஐரோப்பிய ஒன்றியம் 2019-இல் இதையே விதியாக்கியது. நம் உச்ச நீதிமன்றமும் 2007-இல், சட்ட இதழ் பதிப்பாளர் ஒருவர் தொடர்பான வழக்கில், உழைப்பு மட்டும் போதாது, சிறிதளவாவது படைப்புத்திறன் வேண்டும் என்று கூறியது. நம் முகப்புகளில் தொங்கும் ரவி வர்மா அச்சகப் படங்களுக்கும் இதுவே பொருந்தும். ரவி வர்மா 1906-இல் மறைந்தார். அவர் ஓவியங்களின் உரிமைக் காலம் எப்போதோ தீர்ந்துவிட்டது.

செட்டிநாட்டு வீடுகளைப் படம் எடுத்துப் போட வீட்டுக்காரரிடம் அனுமதி வேண்டுமா?

கட்டடக் கலைப் படைப்பு ஒன்றைப் படமெடுப்பதும் அந்தப் படத்தை வெளியிடுவதும் பதிப்புரிமை மீறல் அல்ல என்று சட்டத்தின் 52-ஆம் பிரிவே விலக்கு அளித்திருக்கிறது. தெருவில் நின்று முகப்பைப் படமெடுப்பவரை இந்தச் சட்டத்தைக் காட்டித் தடுக்க இயலாது. உள்ளே நுழைவது வேறு செய்தி. வளவுக்குள் (வீட்டின் உள்முற்றப் பகுதிக்குள்) விடுவதும் விடாததும், படம் எடுக்கலாம் ஆனால் வணிகத்துக்குப் பயன்படுத்தக் கூடாது என்று நிபந்தனை போடுவதும் சொத்துக்காரரின் விருப்பம். அந்த நிபந்தனையை மீறினால் அது ஒப்பந்த மீறல். பதிப்புரிமை மீறல் அன்று. ஒரே வீட்டுக்குப் பத்துப் புள்ளிகள் (குடும்பங்கள்) பங்காளிகளாக இருக்கும் இடங்களில், ஒருவர் வாய்மொழியாகச் சரி என்று சொன்னதை நம்பிப் படப்பிடிப்புக் குழுவை அழைத்துவராமல், எழுத்தில் வாங்கிக்கொள்வது நல்லது.

இதில் பலரும் தலைகீழாகச் செய்யும் தவறு ஒன்று உண்டு. தங்க வந்த விருந்தினர் தம் இன்ஸ்டாகிராமில் போட்ட அழகான படத்தை, 'எங்கள் வீட்டுப் படம்தானே' என்று விடுதியின் விளம்பரத்துக்கு எடுத்துக்கொள்கிறார்கள். வீடு உங்களுடையது, படம் அவருடையது. கேட்டால் பெரும்பாலும் மகிழ்ந்து கொடுப்பார்கள். கேட்காமல் எடுத்தால் நோட்டீஸ் வருவதற்கு முழு முகாந்திரம் உண்டு.

என் கல்யாணப் படங்களின் உரிமை யாருடையது: என்னுடையதா, ஸ்டுடியோவுடையதா?

வேறு ஒப்பந்தம் இல்லாதபோது, பணம் கொடுத்து எடுக்கச் சொன்னவரே புகைப்படத்தின் முதல் உரிமையாளர் என்று 17-ஆம் பிரிவு கூறுகிறது. இதைக் கேட்டுப் புருவம் உயர்த்தாத ஸ்டுடியோக்காரர் அரிது. ஆகவே உங்கள் மகளின் படத்தை உங்களைக் கேட்காமல் தம் விளம்பரப் பலகையிலோ பேஸ்புக் பக்கத்திலோ போட, ஒப்பந்தத்தில் இடம் இல்லாதவரை, ஸ்டுடியோவுக்கு உரிமை இல்லை. அதே நேரம், படம் எடுத்தவர் இன்னார் என்று சொல்லிக்கொள்ளும் உரிமையும், படத்தைச் சிதைத்துத் தம் பெயருக்குக் களங்கம் செய்வதை எதிர்க்கும் உரிமையும் 57-ஆம் பிரிவின்படி எடுத்தவரிடமே நிற்கும். உரிமையை முழுக்க விற்றாலும் அவை அவரை விட்டுப் போகா. முன்பணம் கொடுக்கும்போதே இரண்டு வரி எழுதிக் கையெழுத்திட்டுக்கொண்டால் இரு தரப்புக்கும் நிம்மதி. ஸ்டுடியோக்காரர்கள் விளம்பர அனுமதியை அந்தத் தாளிலேயே கேட்டுப் பெறலாம்.

கல்யாண மண்டபத்தில் திரைப்பாடல் போடலாம் என்கிறார்கள். அதே காணொளியை யூடியூபில் ஏற்றினால் உரிமை கோரல் வருகிறதே, ஏன்?

இரண்டும் வேறு செயல்கள். மதச் சடங்கின்போது பாடல் இசைப்பது மீறல் அல்ல என்று 52-ஆம் பிரிவு சொல்கிறது. கல்யாண ஊர்வலமும் கல்யாணத்தை ஒட்டிய பிற கொண்டாட்டங்களும் அதில் அடங்கும் என்ற விளக்கமும் அங்கேயே இருக்கிறது. சில உரிமைச் சங்கங்கள் கல்யாணங்களுக்குக் கட்டணம் கேட்டதை ஒட்டி, 2023 ஜூலையில் ஒன்றிய அரசின் தொழில் மேம்பாட்டுத் துறை, அவ்வாறு வசூலிப்பது சட்டத்துக்கு ஒவ்வாது என்று பொது அறிவிப்பே வெளியிட்டது. ஆனால் அந்த விலக்கு நிகழ்ச்சிக்குத்தான். நிகழ்ச்சி முடிந்து, பாடலை வெட்டி ஒட்டிச் சேர்த்த காணொளியை உலகமே பார்க்கும்படி ஏற்றுவதை அதற்குள் அடக்குவது கடினம். நாதசுரம் மட்டும் ஒலிக்கும் காணொளிக்கு இந்தத் தொல்லை குறைவு. அங்கும் வாசித்தவருக்கு நிகழ்த்துநர் உரிமை உண்டு என்பதால், வாசித்த குழுவின் பெயரைப் போட்டு, சம்மதமும் பெற்றுக்கொள்வது முறை.

யூடியூபில் வரும் உரிமை கோரலுக்கும் ஸ்ட்ரைக்குக்கும் என்ன வேறுபாடு? எனக்கு வந்தால் என்ன செய்வது?

இதைக் குழப்பிக்கொண்டு தேவையில்லாமல் பயப்படுபவர்களும், பயப்பட வேண்டிய நேரத்தில் அலட்சியமாக இருப்பவர்களும் சரிபாதி.

உரிமை கோரல் என்பது கன்டென்ட் ஐடி என்ற தானியங்கி அமைப்பின் வேலை. உரிமையாளர்கள் முன்பே கொடுத்துவைத்த ஒலி, ஒளி மாதிரிகளோடு உங்கள் காணொளியை அது ஒப்பிட்டு, பொருந்தினால் குறியிடும். விளம்பர வருமானம் அவர்களுக்குப் போகலாம், சில நாடுகளில் காணொளி தெரியாமல் போகலாம். உங்கள் சேனலுக்குக் கறுப்புப் புள்ளி விழாது. இந்த இயந்திரம் எவ்வளவு பிழை செய்யும் என்பதற்கு ஆஸ்திரேலிய இசைக் கலைஞர் ஒருவரின் கதை போதும். பத்து மணி நேர வெறும் இரைச்சல் ஒலியை அவரே உருவாக்கி ஏற்ற, அதற்கு ஐந்து உரிமை கோரல்கள் வந்தன. 2018 ஜனவரியில் அது உலகச் செய்தியானது. இரைச்சலுக்கே ஐந்து சொந்தக்காரர்கள் என்றால், நம் வீட்டுக் குழந்தை பாடிய காவடிச் சிந்துக்கு எவரோ ஒருவர் சொந்தம் கொண்டாடுவதில் வியப்பில்லை.

கோரல் தவறு என்று உறுதியாகத் தெரிந்தால் மறுக்கலாம். கோரியவருக்கு விடையளிக்க 30 நாள் உண்டு. அதற்குள் அவர் பேசாவிட்டால் கோரல் தானே விலகும். அவர் மீண்டும் நிலைநாட்டினால் மேல்முறையீடு செய்யலாம், ஆனால் அங்கேதான் ஆபத்து தொடங்குகிறது. மேல்முறையீட்டையும் அவர் ஏற்காமல், முறையான நீக்கக் கோரிக்கை கொடுத்துவிட்டால் காணொளி இறங்கி, ஸ்ட்ரைக் என்னும் எச்சரிக்கை சேனல் மீது விழும். ஒரு ஸ்ட்ரைக் 90 நாள் நிற்கும். அந்தக் காலத்துக்குள் மூன்று சேர்ந்தால் சேனலே போய்விடும். பல ஆண்டு உழைப்பில் சேர்த்த சந்தாதாரர்களோடு சேனல் மூடப்படும் என்ற இந்த அச்சமே, நியாயம் தம் பக்கம் இருந்தும் பலரைப் பணம் கொடுத்து ஒத்துப்போக வைக்கிறது. 2025-இல் இந்தியாவில் செய்திக் காணொளித் துண்டுகளைப் பயன்படுத்திய யூடியூபர்கள் சிலர் இந்த நெருக்கடியை வெளிப்படையாகப் பேசியபோது, திறனாய்வு, செய்தி போன்றவற்றுக்கு அனுமதி கேட்காமல் அளவாக எடுத்தாளலாம் என்னும் நியாயமான பயன்பாடு என்ற விலக்கு ஏட்டில் இருந்தும் தளத்தில் எவ்வளவு வலுவற்றது என்பது தெரிந்தது.

ஸ்ட்ரைக் விழுந்த பின், முதலில் சொன்ன அமெரிக்கச் சட்டத்தின்படி, எதிர் அறிவிப்பு (நீக்கியது தவறு என்று எழுதித் தரும் மறுப்பு) கொடுக்கும் வழி உண்டு. அதை நிரப்பும்போது உங்கள் உண்மைப் பெயரும் முகவரியும் கோரியவருக்குப் போகும் என்பதையும், அமெரிக்க நீதிமன்ற அதிகார வரம்புக்கு நீங்கள் இசைவு தருகிறீர்கள் என்பதையும் படித்துப் பார்த்துவிட்டே கையெழுத்திட வேண்டும். அதன் பிறகு கோரியவர் 10 வேலை நாட்களுக்குள் வழக்குத் தொடுத்த ஆதாரம் காட்டாவிட்டால் காணொளி திரும்பிவிடும். தளம் எடுக்கும் இந்த முடிவுகள் எவையும் நீதிமன்றத் தீர்ப்பு அல்ல. காணொளி நீக்கப்பட்டதால் நீங்கள் குற்றவாளி ஆகிவிடவில்லை. திரும்ப வந்ததால் உரிமை உங்களுக்கு உறுதியாகிவிடவும் இல்லை.

பாரதியார் பாடலுக்கு உரிமை கோரல் வரலாமா? கண்ணதாசன் கவிதையை முழுதாகப் போடலாமா?

பாரதியாரின் பாடல்களுக்கும் இந்த மண்ணுக்கும் பதிப்புரிமை வரலாற்றில் ஓர் உறவு உண்டு. அவர் பாடல்களை இசைத்தட்டிலும் திரைப்படத்திலும் பயன்படுத்தும் உரிமை ஒரு காலத்தில் காரைக்குடியில் பிறந்த ஏ.வி. மெய்யப்பச் செட்டியாரிடம் இருந்தது. மக்கள் கவிஞனின் பாட்டு தனியொருவர் சொத்தாக இருக்கலாமா என்ற விவாதம் வலுத்து, 1949-இல் சென்னை மாகாண அரசு பாரதியின் உரிமைகளைப் பெற்றபோது, மெய்யப்பச் செட்டியார் தம்மிடம் இருந்ததைப் பணம் பெறாமல் கொடுத்தார். பின்னர் அரசு அதை மக்களுக்குப் பொதுவாக்கியது. ஓர் எழுத்தாளரின் படைப்பை அரசு வாங்கிப் பொதுவில் வைக்கும் வழக்கம் தமிழகத்தில் இங்கிருந்து தொடங்கியது. இன்று நூற்றுக்கும் மேற்பட்ட தமிழ் எழுத்தாளர்களின் நூல்கள் நாட்டுடைமை ஆகியிருக்கின்றன.

ஆகவே பாரதியின் வரிகளை யாரும் பாடலாம், அச்சிடலாம். ஒரு நிறுவனம் வெளியிட்ட ஒலிப்பதிவை அப்படியே எடுத்து ஒட்டினால் மட்டும் கோரல் வரும், அது நியாயமும்கூட. ஒலிப்பதிவுக்கு வெளியான ஆண்டுக்குப் பின் 60 ஆண்டுகள் தனி உரிமை உண்டு. நீங்களே பாடியிருந்தும் கோரல் வந்தால், தயங்காமல் மறுக்கலாம்.

சிறுகூடல்பட்டியில் பிறந்த கண்ணதாசனின் நிலை வேறு. அவர் 1981-இல் மறைந்தார். எழுத்தாளரின் வாழ்நாளும் அவர் மறைந்த ஆண்டுக்குப் பின் 60 ஆண்டுகளும் என்ற கணக்கில், அவர் கவிதைகள் 2041 முடியும் வரை பாதுகாப்பில் இருக்கும். மேற்கோளாகச் சில வரிகளை எடுத்துத் திறனாய்வு செய்யலாம். முழுக் கவிதையையும் அழகிய பின்னணிப் படத்தோடு போடுவது திறனாய்வு ஆகாது. திரைப்பாடல்களில் இசையமைப்பாளர், பாடலாசிரியர், தயாரிப்பாளர், ஒலிப்பதிவு நிறுவனம் எனப் பல கைகள் இருப்பதால் சிக்கல் இன்னும் கூடுதல். 2017-இல் இளையராஜா தரப்பு, மேடைகளில் தம் பாடல்களைப் பாடியதற்காக எஸ்.பி. பாலசுப்பிரமணியத்துக்கே நோட்டீஸ் அனுப்பியதைத் தமிழர் எவரும் மறந்திருக்க முடியாது.

பெயரைக் குறிப்பிட்டு, நன்றி சொல்லிவிட்டால் போதாதா? பத்து வினாடிக்குள் பயன்படுத்தினால் குற்றமில்லை என்கிறார்களே?

போதாது. நன்றி சொல்வது மரியாதை, அனுமதி ஆகாது. பத்து வினாடிக் கணக்கு எந்தச் சட்டத்திலும் இல்லை.

எங்கள் ஆச்சியின் சமையல் குறிப்பை வேறொரு சேனல் திருடிவிட்டது. வழக்குப் போடலாமா?

கருத்துக்கும் செய்முறைக்கும் பதிப்புரிமை இல்லை, அவற்றைச் சொல்லிய விதத்துக்கே உண்டு என்பது 1978-இல் உச்ச நீதிமன்றம் ஒரு நாடகத்துக்கும் திரைப்படத்துக்கும் இடையிலான வழக்கில் தெளிவாக்கிய கொள்கை. வெள்ளைப் பணியாரத்துக்குப் பச்சரிசியும் உளுந்தும் என்ன அளவு என்பதற்கு யாரும் பட்டா வாங்க முடியாது. கந்தரப்பமும் கும்மாயமும் அப்படித்தான். ஆனால் உங்கள் காணொளியின் காட்சியை வெட்டி எடுத்திருந்தால், நீங்கள் எழுதிய பத்தியை வார்த்தை மாறாமல் நகலெடுத்திருந்தால், படத்தைத் தூக்கியிருந்தால் அது மீறலே. புகாரில் 'எங்கள் பணியாரத்தைத் திருடிவிட்டார்கள்' என்று எழுதாமல், எந்த நிமிடம் முதல் எந்த நிமிடம் வரை உங்கள் காட்சி இருக்கிறது என்று எழுதினால் அதற்குப் பலன் உண்டு.

ஆத்தங்குடிக் கல்லின் பூ வடிவத்தை இன்னொரு பட்டறை நகலெடுக்கிறது. என்ன செய்யலாம்?

இங்கே பதிப்புரிமை எதிர்பாராத இடத்தில் கைவிடும். வடிவமைப்புச் சட்டத்தின் கீழ்ப் பதிவு செய்யக்கூடிய ஒரு வடிவத்தைப் பதிவு செய்யாமல் விட்டு, தொழில்முறையில் ஐம்பதுக்கு மேற்பட்ட பொருள்களில் பயன்படுத்திவிட்டால், அதற்கான பதிப்புரிமை அற்றுப்போகும் என்று பதிப்புரிமைச் சட்டத்தின் 15-ஆம் பிரிவு சொல்கிறது. ஒரு பட்டாலைக்கு (வீட்டுக் கூடத்துக்கு) போடும் கல்லே ஐம்பதைத் தாண்டிவிடும். எனவே உண்மையிலேயே புதிதாக ஒரு வடிவம் வரைந்தால், முதல் கல்லை விற்கும் முன், படத்தை இணையத்தில் காட்டும் முன், வடிவமைப்புச் சட்டம், 2000-இன் கீழ்ப் பதிவு செய்ய வேண்டும். வெளியிட்ட பின் புதுமை போய்விடும். பாதுகாப்பு முதலில் 10 ஆண்டு, புதுப்பித்தால் இன்னும் 5 ஆண்டு. மூன்று தலைமுறையாக எல்லாப் பட்டறையும் போடும் பழைய பூவை இப்போது ஒருவர் பதிவு செய்து மற்றவரை மிரட்டினால், அந்தப் பதிவை எதிர்க்கலாம். பழைய வீடுகளின் தரையே சான்று.

காரைக்குடிக் கண்டாங்கிச் சேலைக்கு 2019-இல் கிடைத்த புவிசார் குறியீடு இன்னொரு வகை. அது பெயருக்கும் ஊருக்குமான பிணைப்பைக் காக்கும். தனி நெசவாளர் ஒருவருக்கு உடைமை தராது. இவை எல்லாவற்றுக்கும் வெளியே, உங்கள் விற்பனைப் பக்கத்துப் புகைப்படத்தைப் போட்டி வியாபாரி எடுத்துப் போட்டால் அது நேரடியான பதிப்புரிமை மீறல். நடைமுறையில் வெல்வதற்கு எளிய புகார் இதுதான்.

உரிமைத் தொல்லையின்றிப் பழைய நூல்களும் படங்களும் கிடைக்கும் தளங்கள் எவை?

நம் ஊர்ப் பெருமையிலிருந்தே தொடங்கலாம். கோட்டையூர் ரோஜா முத்தையா செட்டியார் தம் வாழ்நாள் முழுதும் தேடிச் சேர்த்த சுமார் ஒரு லட்சம் நூல்கள், இதழ்கள், துண்டறிக்கைகள், அழைப்பிதழ்களை, அவர் 1992-இல் மறைந்த பின் சிகாகோ பல்கலைக்கழகம் வாங்கியது. அவை கடல் கடந்து போகாமல் சென்னையிலேயே 1994-இல் நூலகமாயின. ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்தின் இணைய நூற்பட்டியலில், உங்கள் ஊர்ப் பெயரைத் தட்டிப் பாருங்கள். நாடக நோட்டீசும் கோயில் குடமுழுக்கு மலரும் வந்து நிற்கலாம்.

தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகம், நாட்டுடைமை நூல்களை வருடி வைத்திருக்கிறது. அவற்றில் ஆயிரக்கணக்கானவை தமிழ் விக்கிமூலத்தில் தன்னார்வலர்களால் தட்டச்சு வடிவமும் பெற்று வருகின்றன. 1998-இல் தொடங்கிய மதுரைத் திட்டம், சங்க இலக்கியம் முதல் கணினி எழுத்தில் தருகிறது. ஈழத்து நூல்களுக்கு நூலகம் தளம் உண்டு. செட்டிநாட்டுக் குடும்பங்களுக்கு இலங்கையோடு இருந்த வணிகத் தொடர்பைத் தேடுவோர் அதை விட்டுவிடக் கூடாது. எழுத்தாளர்களே கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் (சில நிபந்தனைகளோடு எவரும் பகிரலாம் என்னும் உரிமம்) கொடுத்த இக்கால நூல்கள் ஃப்ரீ தமிழ் ஈபுக்ஸ் தளத்தில் இருக்கின்றன.

படங்களுக்கு விக்கிமீடியா காமன்ஸ். அங்கே ஒவ்வொரு படத்தின் கீழும் உரிம விவரம் இருக்கும். பெயர் குறிப்பிட வேண்டும் என்று மட்டும் சொல்லும் உரிமமும், அதே உரிமத்தில் பகிர வேண்டும் என்று கட்டளையிடும் உரிமமும் வேறுவேறு. விடுதித் துண்டறிக்கைக்கு எடுக்கும் முன் அதைப் படிக்க வேண்டும். ஒரு படம் முதலில் எங்கே தோன்றியது என்று தேட டின்ஐ என்னும் தளம் 2008 முதல் இருக்கிறது.

சச்சரவுகளையே வேடிக்கை பார்க்க விரும்புவோருக்கு லூமன் என்னும் தளத்தைப் பரிந்துரைக்கிறேன். ஹார்வர்டின் பெர்க்மன் மையத்தில் வளர்ந்த அது, கூகுள் போன்ற நிறுவனங்களுக்கு வரும் நீக்கக் கோரிக்கைகளைத் தொகுத்து வைக்கிறது. யார், எதை, என்ன காரணம் சொல்லி மறைக்கக் கேட்டார்கள் என்பதைப் படித்துக்கொண்டே போனால் பொழுது போவது தெரியாது.

இன்டர்நெட் ஆர்க்கைவ் தளத்தில் ஒரு நூல் இருந்தால் அது இலவசம் என்று பொருளா?

இல்லை. 1996-இல் புரூஸ்டர் கேல் தொடங்கிய அந்தத் தளத்தில் யாரும் கணக்குத் தொடங்கி ஏற்றலாம். ஏற்றியவருக்கு உரிமை இருந்ததா என்று முன்கூட்டியே யாரும் சோதிப்பதில்லை. அதன் மின்னூல் இரவல் திட்டத்தை எதிர்த்துப் பதிப்பகங்கள் 2020-இல் தொடுத்த வழக்கில், 2023-இலும் மேல்முறையீட்டில் 2024-இலும் தளமே தோற்றது. ஆயினும் அதன் வேபேக் மெஷின், அழிந்துபோன இணையப் பக்கங்களைக் காட்டும் ஒப்பற்ற கருவி. யார் முதலில் வெளியிட்டார் என்ற தகராறில் நல்ல சான்றும் ஆகும். அந்தக் கருவியே 2017 ஆகஸ்டில் இந்தியாவில் சில நாள் திறக்கவில்லை. இரண்டு இந்திப் படங்களின் திருட்டுப் பிரதியைத் தடுக்கக் கேட்டு வந்த மனுவில் சென்னை உயர் நீதிமன்றம் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட இணைய முகவரிகளை முடக்க உத்தரவிட்டதும், அந்தப் பட்டியலில் ஆர்க்கைவும் சிக்கிக்கொண்டதுமே காரணம். எலிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்திய கதை.

நாட்டுக்கு நாடு கணக்கு மாறும் என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். இந்தியாவில் 1965-இல் மறைந்த எழுத்தாளரின் நூல்கள் 2026 ஜனவரி 1 முதல் பொதுவில் வரும். ஜெர்மனியில் 70 ஆண்டு. அமெரிக்காவில் பல பழைய நூல்களுக்கு வெளியீட்டிலிருந்து 95 ஆண்டு. இந்த வேறுபாட்டால் குட்டன்பர்க் திட்டம் என்னும் பழம்பெரும் மின்னூல் தளம், ஜெர்மன் பதிப்பகம் ஒன்றோடு ஏற்பட்ட வழக்கில், 2018 முதல் 2021 வரை ஜெர்மனி முழுவதற்கும் தன் கதவை அடைத்துக்கொண்டது.

என் படத்தை ஒருவர் எடுத்துவிட்டார். எங்கே தொடங்குவது?

சண்டை போடும் முன் சான்று சேருங்கள். அந்தப் பக்கத்தின் முகவரியும் தேதியும் தெரியும்படி ஸ்கிரீன்ஷாட் எடுத்து, வேபேக் மெஷினிலும் சேமித்து, உங்கள் மூலக் கோப்பைத் திருத்தாமல் தனியே வைத்துக்கொள்ளுங்கள். பிறகு எடுத்தவருக்கு ஒரு செய்தி. பாதித் தகராறுகள் இங்கேயே முடியும், ஏனென்றால் தெரியாமல் செய்தவர்களே பலர். கேட்கவில்லையென்றால் தளத்தின் புகார்ப் படிவம். இந்தியத் தளமானால், பதிப்புரிமை விதிகள், 2013-இன் 75-ஆம் விதிப்படி எழுத்துப் புகார் பெற்ற 36 மணி நேரத்துக்குள் அணுகலை நிறுத்த வேண்டும். 21 நாளுக்குள் நீங்கள் நீதிமன்ற ஆணை கொண்டுவராவிட்டால் அவர்கள் திரும்பத் திறக்கலாம். வழக்கு என்று முடிவானால், எதிராளி டெல்லியில் இருந்தாலும் நீங்கள் வசிக்கும் இடத்து நீதிமன்றத்திலேயே தொடுக்க 62-ஆம் பிரிவு இடம் தருகிறது. எளியவர்களுக்காக வைத்த இந்தச் சலுகை பலருக்கும் தெரிவதில்லை.

பதிவு செய்யாவிட்டாலும் உரிமை உண்டு. புகைப்படத்துக்கும் எழுத்துக்கும் பதிவுக் கட்டணம் 500 ரூபாய்தான், ஆனால் எல்லாப் படத்தையும் பதிவதில் பொருளில்லை; வணிகத்துக்கு உயிராக உள்ளதை மட்டும் பதியலாம்.

பணம் கேட்டு நோட்டீஸ் வந்திருக்கிறது. கட்டிவிடலாமா?

உடனே கட்டவும் வேண்டாம், குப்பையில் போடவும் வேண்டாம். படத்தை முதலில் இறக்கிவிட்டு, அவர்களுக்கு அந்த உரிமை எப்படி வந்தது என்ற ஆவணத்தை எழுத்தில் கேளுங்கள். அமெரிக்கப் புகைப்படக் கலைஞர் கரோல் ஹைஸ்மித், தம் படங்களை அந்நாட்டுக் காங்கிரஸ் நூலகத்துக்கு மக்கள் பயன்பாட்டுக்கென்று கொடுத்தவர். தம் சொந்தப் படத்தைத் தம் தளத்திலேயே பயன்படுத்தியதற்கு 120 டாலர் கேட்டு அவருக்கே கடிதம் வந்தது. அவர் 2016-இல் தொடுத்த பெரும் வழக்கும் நிற்கவில்லை, ஏனென்றால் உரிமையை அவர் முன்பே விட்டுக்கொடுத்திருந்தார். ஆதாரமின்றி மிரட்டுவோருக்கு எதிராக நீங்களே வழக்குத் தொடுக்க நம் சட்டத்தின் 60-ஆம் பிரிவு வழிசெய்கிறது. கோரிக்கை உண்மையென்று தெரிந்தால், கேட்ட தொகைக்கும் அந்தப் படத்தின் வழக்கமான உரிமத் தொகைக்கும் உள்ள தூரத்தைப் பார்த்துப் பேரம் பேசலாம்.

செயற்கை நுண்ணறிவு வரைந்த செட்டிநாட்டு வீட்டுப் படத்துக்கு உரிமை யாருக்கு?

அமெரிக்க மேல்முறையீட்டு நீதிமன்றம் ஒன்று 2025 மார்ச்சில், மனிதர் படைக்காததற்குப் பதிப்புரிமை இல்லை என்றது. இந்தோனேசியாவில் குரங்கு ஒன்று தானே அழுத்தி எடுத்த படம் பற்றிய வழக்கில் 2018-இல் குரங்கின் சார்பில் வாதாடியவர்கள் தோற்றதும் இந்த வரிசைதான். இயந்திரத்துக்குப் பிறர் எழுத்தைத் தீனியாகக் கொடுக்கலாமா என்ற கேள்வியோ, 2024 நவம்பரில் தொடுத்த வழக்கின் வழியே டெல்லி உயர் நீதிமன்றத்துக்கு வந்திருக்கிறது.

ஐயா பினாங்கிலிருந்து எழுதிய கடிதங்களைத் தொகுத்து இணையத்தில் வெளியிடலாமா?

பெட்டகத்தில் புகைப்படத்துக்குப் பக்கத்திலேயே கிடந்தாலும் கடிதத்தின் நிலை வேறு. கடிதம் எழுதிய தாள் பெற்றவருக்குச் சொந்தம். அதிலுள்ள எழுத்தின் பதிப்புரிமை எழுதியவருக்கும் அவர் வாரிசுகளுக்கும் சொந்தம். எழுதியவர் மறையும்போது உரிமை நிலுவையில் இருந்து, அவர் வாழ்நாளில் அச்சேறாத எழுத்துக்கு, முதன்முதலில் வெளியான ஆண்டுக்குப் பின்தான் 60 ஆண்டுக் கணக்கே தொடங்கும் என்று 24-ஆம் பிரிவு சொல்கிறது. அதாவது 1930-இல் எடுத்த படம் பெரும்பாலும் பொதுவுக்கு வந்திருக்க, அதே ஆண்டு எழுதிய கடிதம் இன்னும் பூட்டியே இருக்கலாம். கையெழுத்துப் படியை உயில் வழியே ஒருவருக்கு எழுதிவைத்திருந்தால், உயில் வேறுவிதமாகச் சொல்லாதபோது, பதிப்புரிமையும் அவருக்கே போகும். உயில் இல்லையென்றால் எல்லா வாரிசுகளின் பக்கமும் பார்க்க வேண்டும்.

நடைமுறையில், சென்னையிலும் சிங்கப்பூரிலும் இருக்கும் பங்காளிகள் எல்லோரிடமும், எந்தக் கடிதங்கள், எந்தத் தளத்தில், இலவசமாகவா விலைக்கா என்ற மூன்றையும் குறிப்பிட்ட ஒரு பக்க இசைவுத் தாளில் கையெழுத்து வாங்கிக்கொள்வதே பாதுகாப்பு. ஊர் நோன்புக்கோ கோயில் படைப்புக்கோ எல்லோரும் கூடும் நாளில் வாங்கினால் ஒரே மாலையில் முடியும்.